தொற்றா நோய்களும் நமது குழுக்களும்

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், வடசென்னையிலிருந்து வந்திருந்த குழு உறுப்பினர்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



நாங்கள் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். எங்களில் மீன் விற்கிறவர்கள் உண்டு, இட்லிக் கடை போட்டிருப்பவர்கள் உண்டு, வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்கள் இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள். டாக்டர் யாரும் எங்க கூட வரல. அதனால இன்ன மாத்திரை சாப்பிடுங்கன்னு நாங்க சொல்லப் போறதில்லை. எங்க தெருவுல பார்த்ததையும், எங்க குழுக் கணக்குல அது எப்படி வந்து விழுந்ததுன்னும் சொல்றோம்.

சர்க்கரை, பிரஷர், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய், நாள்பட்ட மூச்சு நோய் இதையெல்லாம் சேர்த்து 'தொற்றா நோய்கள்'னு சொல்றாங்க. ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தொத்தாது. ஆனா வந்தா சீக்கிரம் விடாது. எங்க பக்கம் தண்டையார்பேட்டையில தொற்று நோய் மருத்துவமனைன்னே ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. காலரா, வயிற்றுப்போக்குன்னு எங்க பாட்டிமார் காலத்துல பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ஓடின இடம் அது. இன்னிக்கு எங்க ஜனங்க வரிசையில நிக்கிறது ஸ்டான்லி ஆஸ்பத்திரியில, பிரஷர் மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும். ஸ்டான்லிக்கு எங்க ஊர்ப் பேரு 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'. இருநூறு வருஷத்துக்கும் மேலே, பஞ்சத்துல அடிபட்டு வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்தின சத்திரம் அந்த இடத்துல இருந்தது. கஞ்சிக்கு வரிசை நின்ன இடத்துல இப்போ சர்க்கரைக்கு வரிசை நிக்குது.

"இது பட்டணத்து வியாதி, எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க?"ன்னு நீங்க கேட்கலாம். இங்கே வந்து இறங்கினதுமே ஒரு தங்கச்சி கேட்டுட்டாங்க. நியாயமான கேள்விதான். கொஞ்சம் கணக்கைப் பாருங்க. 1989 வாக்கில் சென்னையில் எடுத்த ஆய்வில் பெரியவங்க நூறு பேரில் 8 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அப்போ தமிழ்நாட்டுக் கிராமத்துல பார்த்தபோது நூற்றுக்கு 2 பேர்தான். 2003-ல் கிராமத்துல திரும்பப் பார்த்தபோது அது 6 ஆகிவிட்டது. 2006-ல் சென்னையில் 18-க்கு மேலே போச்சு. அதே ஆய்வுல பண்ருட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் 9. அதாவது, 1989-ல் பட்டணம் எங்கே நின்னுதோ, 2006-ல் கிராமம் அந்த இடத்தைத் தாண்டியாச்சு. எங்களுக்கு வந்தது உங்களுக்குப் பதினைந்து இருபது வருஷம் கழிச்சு வருது, அவ்வளவுதான். அதனாலதான் எங்க கதையை இங்கே சொல்ல வந்தோம்.

முதல்ல எங்க ஊரைப் பற்றிச் சொல்லணும். சாப்பாட்டைக் குறை, நடைப்பயிற்சி செய்னு எல்லாரும் எங்களுக்குப் புத்தி சொல்வாங்க. ராயபுரம் துறைமுகத்தை ஒட்டின தெருவுல வருஷக்கணக்கா நிலக்கரித் தூசு வந்து விழுந்தது. துணி காயப்போட்டா கருப்பாயிடும், மூடி வைக்காத சோறும் கருப்பாயிடும். சென்னை உயர்நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பு சொன்ன பிறகுதான் சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி இறக்குறது நின்னுது. நின்ன நிலக்கரி எங்கே போச்சு? எண்ணூர்த் துறைமுகத்துக்கு. ராயபுரத்துக்காரங்க மூச்சு விட்டோம், எண்ணூர்க்காரங்க இருமினாங்க. அங்கே ஏற்கெனவே அனல் மின் நிலையங்களோட சாம்பல் கொசஸ்தலை ஆத்துல படிஞ்சு கிடக்கு. 2023 டிசம்பர்ல புயல் வெள்ளத்தோட எண்ணெய் ஊருக்குள்ள வந்தது. அதே மாசக் கடைசியில நடுராத்திரி ஒரு உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிஞ்சு, தூங்கின பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினோம். ரோடுன்னா எது? கன்டெய்னர் லாரி மணிக்கணக்கா வரிசையில நிக்கிற எண்ணூர் ரோடு. அங்கே போய் நடைப்பயிற்சி செய்யணுமாம்!

உலக சுகாதார நிறுவனம் முன்பெல்லாம் தொற்றா நோய்க்கு நாலு காரணம்தான் பெரிசா சொல்லும்: புகையிலை, மது, தப்பான சாப்பாடு, உடம்பு அசையாத வாழ்க்கை. 2018-ல் ஐந்தாவதா காற்று மாசையும் சேர்த்தாங்க. சென்னையிலும் டெல்லியிலும் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2023-ல் வெளியான ஆய்வுலயும், காற்றுல நுண்தூசி கூடக்கூட சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பும் கூடுதுன்னு வந்தது. அதனால நோயாளியைப் பார்த்து "வாயைக் கட்டல, அதான் வந்துச்சு"ன்னு மட்டும் பேசுறது எங்களுக்குச் சரியாப் படல. வாயைக் கட்டலாம். மூக்கைக் கட்ட முடியுமா?

உங்க ஊர்ல நிலக்கரி இல்லை, சரி. விறகு அடுப்பு? கேஸ் சிலிண்டர் இருந்தும், விலைக்குப் பயந்து டீ போட மட்டும் அதை வெச்சுக்கிட்டு, சோறு குழம்பு விறகுலதான்னு இங்கே நிறையப் பேர் சொன்னீங்க. நுரையீரலுக்குத் துறைமுகத்துக் கரித்தூசும் ஒண்ணுதான், அடுப்படிப் புகையும் ஒண்ணுதான். பீடி, சிகரெட்டே தொடாத பெண்களுக்கு வயசான காலத்துல வர்ற இளைப்புக்கு இந்த அடுப்புப் புகை ஒரு பெரிய காரணம்.

இப்போ எங்க குழுவுல நடந்ததைச் சொல்றோம். பேர் வேண்டாம், அக்கான்னே சொல்றோம். காசிமேட்டுல மீன் எடுத்து விற்கிறவங்க. வீட்டுக்காரர் துறைமுகத்துல சுமை தூக்கினவர். அவருக்குச் சர்க்கரை இருந்தது தெரியும். மாத்திரை வாங்குவார், உடம்பு நல்லாயிருந்தா நிறுத்திடுவார். ஒருநாள் கால் கட்டைவிரல் பக்கத்துல ஆணி குத்திச்சு. குத்தினதே அவருக்குத் தெரியல. செருப்புல ரத்தத்தைப் பார்த்து அக்காதான் கேட்டாங்க. சர்க்கரை பல வருஷம் கட்டுப்படாம இருந்தா காலில் உணர்ச்சி நரம்பு மரத்துப் போகும், ரத்த ஓட்டமும் குறையும். வலிக்காத புண்ணை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதில்லை. மஞ்சள் வெச்சார், ஏதோ பவுடர் தூவினார். மூணு வாரத்துல விரலை எடுத்தாங்க. அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுத்தாங்க.

அரசு ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குக் காசு இல்லை. ஆனா ஆட்டோவுக்குக் காசு. கூட இருந்ததுல அக்காவுக்கு ஒன்றரை மாசம் வியாபாரம் போச்சு. வீட்டுக்காரர் கூலி அடியோட நின்னுடுச்சு. அக்கா தண்டல் வாங்கினாங்க. எங்க ஊர்த் தண்டல் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது: பத்தாயிரம்னு எழுதிக்குவாங்க, எட்டாயிரத்து ஐந்நூறு கையில தருவாங்க, நாளைக்கு நூறு ரூபாய்னு நூறு நாள் கட்டணும். கட்டாத நாள் வீட்டு வாசல்ல ஆள் வந்து நிப்பான். தண்டலுக்குக் கட்டினா குழுக் கடன் தவணை நிக்கும். நின்னுது. மூணாவது மாசம் கூட்டத்துல சண்டை வந்தது. "அவங்க கட்டலேன்னா பேங்க்குல எங்க எல்லாருக்கும் கெட்ட பேரு"ன்னு ஒரு பக்கம். "கால் போன வீட்டுல போய்க் காசு கேட்பீங்களா"ன்னு இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் சொன்னது நியாயம்தான், அதான் கஷ்டம்.

கடைசியா தீர்மானப் புத்தகத்துல எழுதினது இது: ஆறு மாசம் அக்கா வட்டி மட்டும் கட்டட்டும், அசலுக்கு அவகாசம். உள்கடனாக ஒரு தொகை கொடுத்து தண்டலை முதல்ல அடைக்கிறது. இனிமே ஒவ்வொருத்தரும் சேமிப்போட பத்து ரூபாய் மருத்துவ நிதி. தண்டல் அடைஞ்சது. ஆனா அன்னிக்குத்தான் ஒரு உறுப்பினர் கேட்டாங்க: "அண்ணனுக்கு எட்டு வருஷமா சர்க்கரை. அக்காவுக்குப் பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கல. வீட்டுக்காரரோட பரிசோதனைக்கு அத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குப் போனவங்க, ஒரு தடவை கூடத் தன் கையை நீட்டல. அடுத்த கூட்டத்துக்கு நகர்ப்புற சுகாதார நிலையத்து நர்ஸம்மாவைக் கூப்பிட்டோம். பதினாலு பேர் குழுவுல ஐந்து பேருக்குப் பிரஷர் 140-க்கு 90-க்கு மேலே இருந்தது. அதுல நாலு பேருக்கு அதுவரைக்கும் தெரியாது. அக்காவுக்குப் பிரஷரும் இருந்தது, சர்க்கரையும் இருந்தது. "தலைவலி, மயக்கம் ஒண்ணும் இல்லையே"ன்னாங்க. பிரஷர் பெரும்பாலும் சத்தம் போடாது சகோதரிகளே. கருவி வெச்சுப் பார்த்தாதான் தெரியும்.

இது எங்க குழுவோட கதை மட்டும் இல்லை. 2020-ல் தமிழ்நாடு முழுக்க, 18 முதல் 69 வயது வரை உள்ளவங்ககிட்ட அரசு ஒரு ஆய்வு எடுத்தது. நூறு பேரில் சுமார் 34 பேருக்குப் பிரஷர், 17, 18 பேருக்குச் சர்க்கரை. அதைவிட முக்கியம் அடுத்த கணக்கு. பிரஷர் இருக்கிறவங்க நூறு பேரில் அது கட்டுக்குள்ள இருந்தது 7 பேருக்குத்தான். சர்க்கரையில் 11 பேருக்குத்தான். மாத்திரை இலவசம், ஆஸ்பத்திரி இலவசம், ஆனா கட்டுக்குள்ள இல்லை. ஏன்?

எங்க அனுபவத்துல ஒரு பெரிய காரணம் நேரம். மாத்திரைச் சீட்டுல 'காலை, சாப்பாட்டுக்கு முன்'னு எழுதியிருக்கும். காசிமேட்டுல மீன் ஏலம் விடியறதுக்கு முன்னாடியே தொடங்கிடும். அக்கா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போறாங்க. அவங்களுக்குக் காலை எப்போ? ரெண்டு மணிக்கா? வியாபாரம் முடிச்சு பத்து மணிக்கு இட்லி சாப்பிடுறப்பவா? முதல்ல ரெண்டு மணிக்கே மாத்திரையைப் போட்டுக்கிட்டு, ஒரு டீயோட கிளம்பிட்டாங்க. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல நிக்கும்போது வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டி விழுந்துட்டாங்க. சர்க்கரை ரொம்பக் குறைஞ்சு போச்சு. சில மாத்திரைகள் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா அப்படி ஆகும். அதுக்கப்புறம் பயந்து மாத்திரையே வேண்டாம்னுட்டாங்க. தன்னார்வலர் அவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாங்க, எத்தனை மணிக்குச் சாப்பிடுறாங்கன்னு சொல்ல வெச்சாங்க. டாக்டர் மாத்திரையை மாத்தி, அவங்க சாப்பிடுற நேரத்தையே சீட்டுல எழுதிக் கொடுத்தார். இப்போ முந்தானை முடிச்சுல எப்பவும் வெல்லக்கட்டி இருக்கு.

நீங்களும் விடியக்காலையில நடவுக்கும் களை எடுக்கவும் வெறும் வயித்தோட போறவங்கதான். வெள்ளி செவ்வாய் விரதம் வேற. அதை டாக்டரிடம் சொல்லுங்க. அவராக் கேட்கலைன்னா நீங்களா சொல்லுங்க. கூட்டம் அதிகமா இருக்கு, திட்டுவாங்கன்னு நினைச்சா, குழுவுல ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேராப் போனா பேச்சு வரும்.

காலைப் பற்றி இன்னும் கொஞ்சம். நீங்க வயல்ல வெறுங்காலோட நிக்கிறவங்க, முள்ளும் நண்டு வளையும் சேறும் உங்களுக்குப் பழக்கம். சர்க்கரை இருக்கிறவங்க தினமும் ராத்திரி காலைக் கழுவித் துடைச்சு, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கணும். குனிய முடியாதவங்க தரையில ஒரு முகக்கண்ணாடியை வெச்சு அது மேலே காலை நீட்டிப் பார்க்கலாம், இல்லைன்னா பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். வெந்நீர்ல கால் வைக்கும் முன்னாடி கையால சூடு பார்க்கணும். ஆணிக்கால்னு பிளேடால சீவக் கூடாது. எம்.சி.ஆர். செருப்புன்னு மெத்து வெச்ச செருப்பு இருக்கு, அது போடலாம். ஆஸ்பத்திரியில ஒரு நைலான் இழையால உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பாங்க. தொட்டது தெரியலைன்னா நரம்பு மரத்துக்கிட்டு வருதுன்னு அர்த்தம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைக் கேட்டுச் செய்துக்கணும். அண்ணனுக்கு அதை யாராவது செய்திருந்தா அந்த ஆணி இவ்வளவு தூரம் போயிருக்காது.

சாப்பாடு பற்றி நீட்டிப் பேசப் போறதில்லை, எல்லாக் கூட்டத்துலயும் கேட்டிருப்பீங்க. உப்பு மட்டும் சொல்றோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கு உள்ளே இருக்கணும்னு கணக்கு. எங்க வீட்டுல கருவாடு, உங்க வீட்டுல ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய். பழைய சோத்துல போடுற கல் உப்பு யார் கணக்குலயும் வர்றதில்லை.

உடம்பு வலிக்குதுன்னு மருந்துக் கடையில ரெண்டு ரூபாய், ஐந்து ரூபாய்க்கு வலி மாத்திரை வாங்கி வாங்கிப் போடுறதும் நிறுத்த வேண்டியது. சர்க்கரை, பிரஷர் இருக்கிறவங்களுக்கு அது சிறுநீரகத்தைச் சீக்கிரம் கெடுக்கும். சிறுநீரகம் போச்சுன்னா டயாலிசிஸ். பெரும்பாலும் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். காப்பீட்டு அட்டை இருந்தா அது இலவசமாவே கிடைக்கலாம். ஆனா வாரத்துல மூணு நாள் போன வீட்டுல ரெண்டு பேர் கூலியும் போகும்.

இன்னொண்ணு, சர்க்கரையை வேரோட ஒழிக்கிற பொடின்னு ஊருக்கு ஊர் விக்கிறாங்க. சில இடங்கள்ல குழு உறுப்பினர்களையே ஏஜென்ட் ஆக்குறாங்க. குழுவோட நல்ல பேரை வெச்சு அந்தப் பொடி வீட்டுக்குள்ள வருது. மாத்திரையை நிறுத்திட்டு அதைச் சாப்பிட்டவங்க ஆஸ்பத்திரி வாசல்ல கிடந்ததை நாங்க பார்த்திருக்கோம். உங்க கூட்டமைப்புல அதுக்கு ஒரு தீர்மானம் போட்டுடுங்க.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலைன்னு நாங்க சொல்லமாட்டோம். 2007 வாக்கில் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்கள்ல பிரஷர் பரிசோதனையும், தஞ்சாவூர், தேனியில கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் முதல்ல தொடங்கினாங்க. பிறகு மாநிலம் முழுக்க வந்தது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினாங்க. 2024-ல் அதுக்கு ஐக்கிய நாடுகள் சபையோட விருதும் கிடைச்சது. அந்தத் திட்டத்துல வாசலுக்கு வந்து பிரஷர் பார்க்கிறதும் மாத்திரை கொடுக்கிறதும் யாரு? நம்ம குழுக்கள்லேருந்து எடுத்த பெண்கள்தான். விருதுல பாதி நமக்குச் சேரணும். ஆனா எங்க ஊர்ல ஒரு சிக்கல், அவங்க வர்ற நேரத்துல நாங்க வேலைக்குப் போயிடறோம். வீடு பூட்டியிருந்தா மாத்திரை திரும்பிப் போகும். அதனால குழுக் கூட்டத்து அன்னிக்கே தன்னார்வலரையும் வரச் சொல்லி நாள் ஒண்ணாக்கிட்டோம். சேமிப்பு கட்ட வர்றவங்க மாத்திரையும் வாங்கிட்டுப் போறாங்க.

முதல்ல சேமிப்புக்குப் பக்கத்துலயே பதிவேட்டுல பிரஷர் எண்ணையும் எழுதலாம்னு பேச்சு வந்தது. ரெண்டு பேர் தனியாக் கூப்பிட்டு வேண்டாம்னாங்க. வீட்டுல கல்யாண வயசுல பொண்ணு இருக்கு, அம்மாவுக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல யோசிப்பாங்களாம். அபத்தம்தான், ஆனா அவங்க பயம் நிஜம். அதனால எண்ணு அவங்கவங்க அட்டையிலேயே இருக்கும். பதிவேட்டுல 'பார்த்தாச்சு'ன்னு ஒரு டிக் மட்டும்.

முப்பது வயசைத் தாண்டினவங்க மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையையும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கேட்டுச் செய்துக்கங்க. அது வலிக்கிற பரிசோதனை இல்லை, வெட்கம்தான் தடுக்குது. நாங்க ஐந்து பேராச் சேர்ந்து போனோம், வெளியே உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டே முறை வரக் காத்திருந்தோம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ளன்னு வி.ஏ.ஓ. சான்று வேணும். நோய் வந்த பிறகு அதுக்கு அலையாதீங்க. நெஞ்சு வலி வந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப 2023-லேருந்து ஏற்பாடு இருக்கு, அதையும் விசாரிச்சு வைங்க. திடீர்னு வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ மந்திரிக்கப் போகாம 108-ஐக் கூப்பிடுங்க. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ளதான் போட முடியும்.

அக்கா இன்னிக்கு வரல. மீன் எடுக்கப் போயிருக்காங்க. போன மாசம் பிரஷர் 130-க்கு 84. அண்ணன் செயற்கைக் கால் வெச்சு, வீட்டு வாசல்ல ஐஸ் பெட்டிக்குக் கணக்கு எழுதுறார்.

இப்போ சாப்பாட்டுக்கு முன்னாடி பிரஷர் பார்க்கப் போறோம். ரெண்டு கருவி கொண்டு வந்திருக்கோம். டீ குடிச்சவங்க, வெத்தலை புகையிலை போட்டவங்க அரை மணி நேரம் கழிச்சு வாங்க. பாத்ரூம் போயிட்டு வந்து, ஐந்து நிமிஷம் சாய்ஞ்சு உட்காருங்க. பார்க்கும்போது பேசக் கூடாது, கையை மேசை மேல வைக்கணும், காலைத் தரையில ஊன்றணும். 140-க்கு 90-ஐத் தாண்டினவங்க பயப்பட வேண்டாம், ஒரு தடவை பார்த்து முடிவு கட்ட மாட்டாங்க. உங்க ஊர் சுகாதார நிலையத்துல திரும்பப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதித் தருவோம். தலைவி அவர்கள் முதல்ல வந்து உட்காரணும்னு கேட்டுக்கிறோம்.